பின்னால் டிக்கெட் எடுக்க ஆளில்லாத பயணம்

அன்புள்ள சங்கரன் அப்பாவுக்கு,

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம், எழுத வேண்டிய தேவையே வரவில்லை. பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தபோதுகூட என் அப்பாதான் உங்களுக்குக் கார்டு போட்டார். இப்போது நம் தெருச் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது சொதி வைக்கும் முறை. நான் இதைத்தான் கொடுக்கப் போகிறேன். நாலு பேர் படித்தால் படிக்கட்டும், எனக்கென்ன வெட்கம்?

நேற்று நம் கல்யாண நாள். கோவளம், விழிஞ்ஞம், பூவாறு எல்லாம் போய்விட்டுப் பொழுது சாய்வதற்குள் வீடு வந்து சேர்ந்தேன். தனியாகத்தான்.

ஒன்பது வருஷமாக இந்த நாளில் அங்கே போனோம் இல்லையா? நம் பிள்ளை சங்கரன் மெட்ராஸில் காலேஜ் சேர்ந்த வருஷம், வீடு வெறிச்சென்று கிடக்கிறது என்று நான் புலம்பியதற்காக நீங்கள் கூட்டிப் போனது. அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. சாலைக் கம்போளக் கடைத்தெருவில், பாத்திரக்கடையில் உங்களோடு வேலைக்கு நின்றவர்கள் ஒவ்வொருவராக ஸ்கூட்டர் வாங்கினார்கள். உங்களைக் கேட்டால், "சர்க்கார் எனக்குன்னு வண்டி விட்டிருக்கான், டிரைவரையும் சம்பளம் குடுத்து வச்சிருக்கான், பெறவு என்ன?" என்பீர்கள். கிழக்கேகோட்டையில் காலையில் பஸ் ஏறினால் கடற்கரை முழுவதையும் ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்பதில் உங்களுக்கு அப்படி ஒரு பெருமை.

வருஷம் திரும்பவில்லைதான். உங்களுக்குக் கடையிலேயே நெஞ்சுவலி வந்து ஏழு மாசம்தான் ஆகிறது. கதவைப் பூட்டும்போது எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டாள்.

"எங்க கெளம்பிட்ட, அதுவும் இன்னைக்கி?"

"கடலப் பாக்க."

"ஒரு வருசம் கழியட்டுமே, கோமதி."

"கடல் ஒண்ணும் கோயில் இல்லியே, அக்கா" என்று சொல்லிவிட்டு விறுவிறு என்று நடந்தேன். முனையைத் திரும்பிய பிறகுதான் நடையைத் தளர்த்தினேன்.

ஏன் போனேன் என்று கேட்பீர்கள். சங்கரன் கடிதம் போட்டிருக்கிறான். மாசக் கடைசியில் வருகிறானாம். வீட்டைக் காலி செய்து என்னை மெட்ராஸுக்குக் கூட்டிப் போகப் போகிறானாம். போன தடவை வந்தபோதே முகத்துக்கு நேரே கேட்டுவிட்டான்: "அம்மா, உனக்கு இந்த ஊரு பஸ் போர்டாவது வாசிக்கத் தெரியுமா? இத்தனை வருஷத்துல ஒரு இடத்துக்காவது நீ தனியாப் போயிருக்கியா?" அவன் கேட்டது நிஜம்தானே? அரிசி அரைக்கும் மில், காய்கறிக் கடை, பழவங்காடிப் பிள்ளையார், மூன்றும் நடந்து போகும் தூரம். அதற்கு மேல் எல்லாமே உங்களோடுதான். அதனால் மனசுக்குள் ஒரு முடிவு செய்தேன். நாம் போகும் வழியில் நான் ஒருத்தியாகப் போய் ஒழுங்காகத் திரும்பிவிட்டால், இங்கேயே இருப்பேன். முடியாமல் பாதியில் திரும்பினால், வாயை மூடிக்கொண்டு அவனோடு ரயில் ஏறிவிடுவேன்.

கோவளம் பஸ்ஸை இரண்டு பேரிடம் கேட்டு ஏறினேன். முன்பக்கம் பெண்கள் சீட்டில் ஜன்னலோரம் கிடைத்தது. பஸ் மணக்காடு தாண்டியது. கண்டக்டர் வந்து, "அம்மே, டிக்கெட்?" என்றார். நான் வெளியே பார்த்தபடி, "பின்னால எடுக்கும்" என்றேன்.

பழக்கதோஷம். என்னை முன்னால் உட்காரவைத்துவிட்டு நீங்கள் ஆண்கள் பக்கம் போய்விடுவீர்கள். டிக்கெட் எடுப்பது உங்கள் வேலை. எங்கே ஏறினாலும் எனக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான். கண்டக்டரும் நம்பிப் பின்னால் போனார். ஒவ்வொருவராகக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"பின்னில் ஆரும் எடுத்தில்லல்லோ அம்மே. ஆரா கூடெ உள்ளது?"

கூட வந்தது யார் என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? பக்கத்தில் மடியில் மரச்சீனிக் கிழங்குப் பையோடு இருந்த பெண், பேச்சில் பாறசாலைக்காரி. என் முழியைப் பார்த்து அவளாகவே ஒன்றை முடிவு செய்துவிட்டாள்.

"அய்யோ, சாரு ஏறல்ல போல! சாரே, வண்டிய நிறுத்துங்க, அக்காட ஆளு ஸ்டாண்டில நிக்காரு!"

கண்டக்டர் பெல் கயிற்றை இழுத்தார். பஸ் நின்றுவிட்டது. பின்சீட்டில் இருந்தவர்கள் எல்லாம் தலையை வெளியே நீட்டி ரோட்டைப் பார்த்தார்கள். வேட்டியை மடித்துக்கொண்டு எவராவது ஓடி வருகிறாரா என்று ஒரு பஸ் நிறைய ஜனம் உங்களுக்காகக் காத்திருந்தது. அரை நிமிஷம் இருக்கும். நான் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. உங்களிடம் மறைப்பானேன், நானும் திரும்பிப் பார்த்தேன்.

பிறகு, "யாரும் வரலை. போகலாம்" என்று சொல்லி டிக்கெட் எடுத்துக்கொண்டேன். கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு டபுள் பெல் கொடுத்தார். பாறசாலைக்காரி கோவளம் வரைக்கும் என்னிடம் பேசவில்லை. புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பி வந்தவள் என்று நினைத்திருப்பாள்.

கோவளத்தில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது திரும்பிப் போகும் பஸ்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஏறியிருந்தால் பத்து மணிக்குள் வீட்டில் இருந்திருப்பேன். அந்தப் பஸ் போகும்வரை மரத்தடியில் நின்றேன். போன பிறகு, இனி வேறு வழியில்லை என்று மணலுக்கு இறங்கினேன். குன்றின் மேல் பெரிய ஓட்டல் கட்டி முடித்துவிட்டார்கள். வெள்ளைக்காரர்கள் அப்படியேதான் கிடக்கிறார்கள் வெயிலில். அவர்களைக் கண்டால் நீங்கள் அலை நுரையை ஆராய்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வீர்களே, அது ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டுப் பக்கத்தில் பார்த்தால் யாரும் இல்லை.

விழிஞ்ஞத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டேன். நீங்கள் பின்னாலிருந்து, "ஏட்டி, எறங்கு" என்று குரல் கொடுத்தால்தானே எனக்கு இடம் தெரியும்? எந்த இடத்தில் கடல் எப்படி இருக்கும் என்று கேட்டால் சொல்லுவேன், எந்த நிறுத்தத்தில் இறங்குவது என்று கேட்டால் தெரியாது. ஒன்பது வருஷம் போய் வந்தவளின் லட்சணம் இது. வெயிலில் நடந்தேன். மேட்டில் ஏறியதும் மொத்தத் துறைமுகமும் கீழே தெரிந்தது. ஒரு பக்கம் பள்ளிவாசல், மறுபக்கம் மாதா கோயில், நடுவில் மீன்பிடி வள்ளங்கள். பஸ்ஸிலேயே போயிருந்தால் இந்த மேடு தெரிந்திருக்காது. உங்களிடம் காட்ட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

பூவாறு வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. கொண்டுபோன தயிர்சாதத்தை ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டு பேருக்குக் கட்டியிருக்கிறேன் என்று டப்பாவைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. மீதியை நாய்க்கு வைத்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மணல்திட்டுக்குப் போக வள்ளக்காரனைக் கூப்பிட்டேன். அவன் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"ஒற்றைக்கோ? வேறே ஆளு வரானுண்டோ?"

தனியாகவா, இன்னும் ஆள் வரவேண்டுமா என்று சாதாரணமாகத்தான் கேட்டான். பஸ்ஸில் சொல்லாததை அவனிடம் சொன்னேன். "வரதுக்கு ஆளில்லை. வீட்டுக்காரரு மரிச்சுப் போயாச்சு." இந்த ஏழு மாசத்தில் என் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் தெரிந்துதான் இருந்தது, சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் வள்ளத்தை இன்னும் கொஞ்சம் கரைக்கு இழுத்துப் போட்டு, சேலை நனையாமல் ஏறும்வரை பிடித்துக்கொண்டு நின்றான். ஆறு கடலில் போய்ச் சேரும் இடத்தில் நின்றபோது ஓவென்று அழலாமா என்று பார்த்தேன். அழுகை வரவில்லை. காற்றுதான் பலமாக இருந்தது.

இனிமேல்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டியது. திரும்பும் பஸ்ஸில் சரியான கூட்டம். முன்னால் நிற்கக்கூட இடமில்லை. "பின்னில் ஒரு சீட்டுண்டு அம்மே, அங்ஙோட்டு இரிக்கு" என்று கண்டக்டர் பின்னால் தள்ளிவிட்டார். கடைசி வரிசையில், ஆண்களுக்கு நடுவில், முதல் தடவையாக உட்கார்ந்தேன்.

அங்கிருந்து ஒன்றுமே தெரியவில்லை! சட்டைக் கைகள், துணிப்பைகள், கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர்களின் கக்கங்கள். யாராவது குனிந்தால் ஒரு துண்டு வானம். வலது பக்கம் கடல் இருக்கிறதா இடது பக்கம் இருக்கிறதா என்றுகூடச் சொல்ல முடியாது. நெரிசலுக்கு நடுவே சந்து கிடைத்தபோது தெரிந்ததெல்லாம் முன்சீட்டுப் பெண்களின் கொண்டைகள்தான்.

ஒவ்வொரு வருஷமும் வீட்டுக்கு வந்து கை கால் கழுவியதும், "ஏட்டி, வழியில என்னல்லாம் பாத்த?" என்று கேட்பீர்கள். என்னைச் சீண்டுவதாக நினைத்துக்கொள்வேன். "ஏன், நீங்களும் அந்தப் பஸ்சுலதான வந்திய? கண்ணு எங்க போச்சு?" என்று வெடுக்கென்று சொல்வேன். நீங்கள் சிரித்துவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொள்வீர்கள். ஒன்பது வருஷமும் இதே பேச்சுதான். நீங்கள் எதையும் பார்க்கவில்லை என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கக் கூடாதா? அத்தனை தூரமும் என் கொண்டையைப் பார்த்துக்கொண்டுதான் வந்தீர்களா?

சரி, இப்போது சொல்கிறேன், கேளுங்கள். கோவளம் தாண்டியதும் ரோடு மேடேறும், தென்னந்தோப்புக்கு இடையில் கடல் தெரியும், மறையும். செம்மண் சரிவில் வலையைக் காயப்போட்டிருப்பார்கள். நீலமும் பச்சையுமாகக் கிடக்கும். புல்லுவிளைப் பக்கம் வீடுகளின் வாசலிலேயே மணல்தான், கட்டுமரத்தை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வைத்திருப்பார்கள், அதன் நிழலில் பெண்கள் பேன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பூவாறு நெருங்கும்போது ஊறப்போட்ட தேங்காய் மட்டையின் வாடை வரும், அது உங்களுக்கும் தெரிந்திருக்கும். வாடை வந்த கொஞ்ச நேரத்தில் ஆறு வரும். அந்தத் தண்ணீர் கறுப்புமில்லை பச்சையுமில்லை, வெற்றிலையின் பின்பக்க நிறம். இவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

சங்கரனுக்கு இன்று காலை இன்லேண்ட் லெட்டர் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். நான் வரவில்லை, வீட்டைக் காலி செய்ய வேண்டாம், அம்மாவுக்குப் போய்வரத் தெரியும் என்று எழுதியிருக்கிறேன். அவன் சண்டைக்கு வருவான். வரட்டும், என் பிள்ளைதானே.

ஆனால் அவனுக்கு எழுதாத ஒன்றை உங்களுக்கு எழுதுகிறேன். ஜெயித்துவிட்டேன் என்ற நினைப்போடுதான் வீட்டுக்கு வந்தேன். விளக்கேற்றினேன். உட்கார்ந்தேன். அப்போதுதான் ஆற்றங்கரையில் வராத அழுகை வந்தது. வழி தெரியாமல் திண்டாடியிருந்தால், நீங்கள் இல்லாமல் என்னால் ஆகவில்லை என்று உங்கள் மேல் பழியைப் போட்டுவிட்டு ஆறுதலாக இருந்திருப்பேன். ஆகிவிட்டதே! நீங்கள் இல்லாமல் ஒரு முழு நாள் நன்றாகவே போய்விட்டதே. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இனி இப்படி நிறைய நாட்கள் வரும். ஒவ்வொன்றையும் தனியாகவே கடந்து வருவேன், பாதியில் திரும்ப மாட்டேன். இது சத்தியம். சமாளித்துவிட்டாளே என்று மட்டும் நீங்கள் மனசு வருத்தப்படக் கூடாது.

நீங்கள் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிடாத
உங்கள் வீட்டுக்காரி,
கோமதி