உள்ளிருந்து பார்த்தால் வளர்பிறை

அன்புள்ள அத்தை,

நேற்று மாலை மாமா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, ஒரு பழைய நெகிழிப் பையை என் கையில் கொடுத்தார். "அலமாரியில இருந்துச்சும்மா. வருஷா வருஷம் நீங்க ரெண்டு பேரும்தானே கட்டுவீங்க. இந்த வருஷமும் நீயே கட்டிடு" என்றார். பையைத் திறந்ததும் அந்துருண்டை வாசம் வந்தது. கொடியை விரித்தேன். நான்கு மூலைகளிலும் நீங்கள் தைத்து வைத்த பாவாடை நாடா அப்படியே இருந்தது.

கொடியோடு வந்த கயிறு ஒரு காற்றுக்குத் தாங்காது என்று சொல்லி, சிராங்கூன் சாலையில் நாடா வாங்கி வந்தீர்கள். எனக்கு அன்று வந்த கோபம் இருக்கிறதே!

"அத்தை, இது தேசியக் கொடி. இதுல போய்ப் பாவாடை நாடாவா?"

"ஏன்டி, பாவாடையையே காப்பாத்துற நாடா கொடியைக் காப்பாத்தாதா?" என்று கேட்டுவிட்டு, உங்கள் நகைச்சுவைக்கு நீங்களே முதலில் சிரித்தீர்கள்.

குவீன்ஸ்டவுனில் பக்கத்து வீட்டுக்காரர்களை நாங்கள் எல்லாரும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவோம். நீங்கள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆன்ட்டின்னா யாரோ எவரோ மாதிரி இருக்கு, அத்தைன்னு கூப்பிடு" என்றீர்கள். மாமா இங்கே சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், துவாஸ் கப்பல் பட்டறையில் வேலை. நீங்கள் கல்யாணமாகிக் கும்பகோணத்திலிருந்து வந்தவர், பல வருடங்களாக நிரந்தரவாசி மட்டும்தான், குடியுரிமை வாங்கவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது ஓர் ஆகஸ்டு மாதத்தில்தான். தேசிய தினத்துக்காக எங்கள் அடுக்குமாடி புளோக் முழுவதும் சிவப்பும் வெள்ளையுமாகக் கொடிகள் தொங்கின. உங்கள் வீட்டின் முன்னால் மட்டும் வெறும் சுவர். வீடு வீடாகக் கொடி கொடுத்தவர்களோடு நானும் பொறுப்பாக வந்து நின்றேன். நீங்கள் வாங்கவில்லை.

"கோவிச்சுக்காதடா. இது உங்க மாமாவோட கொடி, உன்னோட கொடி. என் கொடி அங்க இருக்கு."

பிறகு என்னை உட்காரவைத்து, ஊரில் ஆகஸ்டு பதினைந்தாம் தேதி பள்ளிக்கூடத்தில் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு காகிதக் கொடியும், கையில் ஓர் ஆரஞ்சு மிட்டாயும் தருவார்கள் என்று சொன்னீர்கள். "கொடி நெஞ்சுல, மிட்டாய் கன்னத்துல. அது போதும் எங்களுக்கு." நீங்கள் சொன்ன விதத்தில் எனக்கே அந்த மிட்டாய் இனித்தது. அதற்குமேல் உங்களிடம் கொடியை நீட்ட முடியவில்லை.

மாமா உங்களை ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. நீங்களாகத்தான் மனம் மாறினீர்கள். ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிய ஒரு பயணத்தில், விமானம் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும், "அப்பாடா, வீட்டுக்கு வந்தாச்சு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டதாம். சொன்ன பிறகு தூக்கிவாரிப் போட்டதாம். அடுத்த மாதமே குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டீர்கள்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. கணினியில் நாட்டைப் பற்றிய பாடங்களை நீங்கள் படித்து முடிக்க வேண்டும் என்றதும், புத்தகப் பையோடு நான் உங்கள் சமையலறை மேசைக்கு வந்துவிட்டேன். "வாங்க டீச்சரம்மா" என்று வரவேற்று, எனக்கு மைலோ கலக்கித் தருவீர்கள். கொடியைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். நமக்கென்று ஒரு கொடி வேண்டும் என்றபோது, முழுச் சிவப்பாகவே வைக்கலாமா என்றுகூட முதலில் யோசித்தார்கள். அது கம்யூனிஸ்டுக் கொடியைப் போலத் தெரியும் என்ற தயக்கத்தில் வெள்ளையும் சேர்ந்தது. மூன்று நட்சத்திரங்கள் வைத்தாலும் அப்படித்தான் தெரியும் என்று ஐந்தாக்கினார்கள். சிவப்பு, உலகச் சகோதரத்துவமும் மனிதர்களின் சமத்துவமும். வெள்ளை, என்றும் நிலைக்கும் தூய்மையும் நற்பண்பும். ஐந்து நட்சத்திரங்கள், மக்களாட்சி, அமைதி, முன்னேற்றம், நீதி, சமத்துவம். மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

"சிவப்புலயும் சமத்துவம், நட்சத்திரத்துலயும் சமத்துவமா? ரெண்டு தடவை சொல்றாங்களே."

"முக்கியம்ல அத்தை, அதான்."

"சரி, இந்த நிலா?"

"வளர்ந்துவரும் இளம் நாடு."

நீங்கள் மைலோ கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்கு அருகில் குனிந்தீர்கள். "வளர்ந்து வருதா? இது தேய்பிறைடி."

நான் திகைத்துவிட்டேன். நீங்கள் விரலால் மேசையில் வரைந்து காட்டினீர்கள். மூன்றாம் பிறை பார்ப்பதற்காகச் சின்ன வயதில் மொட்டை மாடியில் காத்திருந்தவர் நீங்கள். வளர்பிறையில் வெளிச்சம் வலப்பக்கம் இருக்கும், கொடியில் இருப்பதோ இடப்பக்கம் வெளிச்சம், வலப்பக்கம் வாய் திறந்திருக்கிறது என்றீர்கள். மறுநாளே நூலகத்துக்கு ஓடினேன். புத்தகத்திலும் நீங்கள் சொன்னபடிதான் இருந்தது. ஆனால் நம் சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், இங்கே பிறை பெரும்பாலும் படகு போலக் கிடக்கும் என்றும் போட்டிருந்தது. "அதனால இங்க இடமும் இல்ல, வலமும் இல்ல அத்தை!" என்று வெற்றியோடு வந்து சொன்னேன்.

"படகுதான்னா படகாவே வரைஞ்சிருக்கலாம்ல?" என்று கேட்டீர்கள்.

அன்று நான் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். உங்களுக்கு அது வேடிக்கை இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. இந்தியக் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த அன்று, "பழைய புடவையைப் போட்டு எவர்சில்வர் பாத்திரம் வாங்குவோம்ல, அந்த மாதிரி இருக்கு. பாத்திரம் நல்லாத்தான் இருக்கு. ஆனா புடவை அம்மாவோடது" என்றீர்கள். உறுதிமொழி எடுக்கும் சடங்குக்கு அவர்கள் தந்த நாளைக் காலண்டரில் பார்த்தால் தேய்பிறை. மாற்றிக் கேட்க உங்களுக்குக் கூச்சம். போய்விட்டு, குடிமக்களுக்கான இளஞ்சிவப்பு அடையாள அட்டையோடு வந்தீர்கள். மாமா கேக் வாங்கி வந்திருந்தார். எல்லாரும் கைதட்டினோம். அம்மா கேக்கை வெட்டிக்கொண்டிருந்தபோது என் காதருகில் வந்து சொன்னீர்கள்:

"ஒரு வீடு குடி போறதுன்னாகூட வளர்பிறையிலதான் போவோம். நான் நாடே மாறியிருக்கேன், தேய்பிறையில. கொடியிலயும் அதே தேய்பிறை. மனசு ஒட்ட மாட்டேங்குதுடி."

அந்த வருடம் முதன்முறையாக நீங்களே கொடி வாங்கினீர்கள். நாடா தைத்தீர்கள். தேசிய தினத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, மாமா வேலைக்குப் போயிருந்தபோது, காரிடாரின் கைப்பிடிச் சுவருக்கு மேலே அதைக் கட்டினீர்கள். நான் நாடாவைப் பிடித்துக்கொண்டேன். கட்டி முடித்த கொஞ்ச நேரத்தில் கீழே கார் நிறுத்துமிடத்திலிருந்து ஒரு குரல். இரண்டாம் மாடிச் சீன அங்கிள், கையில் காப்பிப் பையோடு அண்ணாந்து நின்றார்.

"ஹலோ ஆன்ட்டி! ராங் சைட் லா! மூன் மஸ்ட் பி லெஃப்ட்!"

நான் எட்டிப் பார்த்தேன். எங்கள் பக்கத்திலிருந்து நிலா இடப்புறம் சரியாகத்தான் இருந்தது. "லெஃப்ட்லதான் இருக்கு அங்கிள்!" என்று கத்தினேன்.

"யுவர் லெஃப்ட் நோ யூஸ்! மை லெஃப்ட்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொடி வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கானது. அவர்களுடைய இடப்புறம்தான் நிலா இருக்க வேண்டும். புளோக்கில் முதல்முறை கட்டுகிறவர்கள் எல்லாரும் செய்யும் தவறுதான் என்று நினைத்து, "பரவால்ல அத்தை, திருப்பிடலாம்" என்றேன். நீங்கள் நாடாவை அவிழ்க்கவில்லை.

"தெரியும்டி. தெரிஞ்சுதான் கட்டினேன். கீழேருந்து பாத்தா வளர்பிறையா தெரியுமேன்னு."

நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். கண்ணில் நீர் இல்லை, ஆனால் முகம் சிறுத்துவிட்டது. கீழே அங்கிள் வேறு, "கேன் ஆர் நாட்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி விடு. இந்த ஊருக்கு எது முறையோ அப்படியே கட்டுவோம்" என்று நீங்களே நாடாவை அவிழ்த்தீர்கள். நான் கீழே ஓடினேன். அங்கிளின் பக்கத்தில் நின்று, இடது, வலது, இன்னும் கொஞ்சம் மேலே என்று கத்தினேன். கொடி சரியாக நின்றது. அங்கிள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். மேலே உங்களைக் காணவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கொடிக்குப் பக்கத்தில் உங்கள் தலை தெரிந்தது.

"டீச்சரம்மா! மேல வா! சீக்கிரம்!"

படியேறி மூச்சிரைக்க வந்தேன். நீங்கள் கைகளால் என் தோளைப் பிடித்து, உங்கள் வீட்டு வாசலுக்கு உள்ளே நிறுத்தி, வெளிப்பக்கம் திருப்பினீர்கள். காலை வெயில் மெல்லிய துணியின் வழியே வந்துகொண்டிருந்தது. சிவப்பு, செம்பருத்தி நிறத்தில் எரிந்தது. நிலா வலப்பக்கம் இருந்தது. அதன் வெளிச்சமும் வலப்பக்கம்.

"பாத்தியா? வீட்டுக்குள்ளேருந்து பாக்குறவங்களுக்கு வளர்பிறைடி!"

அத்தை, அந்தச் சிரிப்பை நான் மறக்கவே மாட்டேன். உடனே உள்ளே போய்க் கேசரி கிளறினீர்கள். அங்கிளுக்கும் ஒரு டப்பா கொடுத்தனுப்பினீர்கள். எதற்கு என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

அதற்குப் பிறகு வந்த ஆகஸ்டுகளில் கொடி உங்களுடையதாகிவிட்டது. முதல் ஆளாகக் கட்டுவீர்கள், மழை வந்தால் ஓடுவீர்கள். போன வருடம் உடம்பு முடியாமல் இருந்தபோது, நாற்காலியை வாசலுக்கு உள்ளே போடச் சொல்லி, நான் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "எப்படி இருக்கு அத்தை?" என்று கேட்டேன். "வளருது" என்றீர்கள். தீபாவளிக்கு முன் எங்களை விட்டுப் போய்விட்டீர்கள்.

இன்று காலை கொடியைக் கட்டினேன். மாமா கீழே நின்று பார்த்து, "கரெக்டா இருக்கும்மா, கீழ வந்து பாரு" என்றார்.

"இல்ல மாமா, நீங்க மேல வாங்க."

வந்தார். உங்கள் நாற்காலியில், வாசலுக்கு உள்ளே உட்காரவைத்தேன். கேசரி எதற்கு என்பது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். மாமா கொடியைப் பார்த்தார். "இத்தனை வருஷமா இந்த வழியாத்தான் போய்ட்டு வந்துட்டு இருந்தேன், கவனிச்சதே இல்ல. பொறந்ததுலேருந்து பாக்குற கொடிம்மா இது" என்றார். பிறகு மெதுவாக, "அவ வந்து பாத்ததாலதான் எனக்கே தெரியுது" என்று சொல்லிச் சிரித்தார்.

பள்ளியில் இப்போதும் தினமும் கொடியேற்றத்துக்கு வரிசையில் நிற்கிறேன். பற்றுறுதி மொழி சொல்லும்போது கண் நேராகத்தான் இருக்கும். ஆனால் காற்று திரும்பிக் கொடியின் மறுபக்கம் தெரியும் நொடிக்காகக் காத்திருப்பேன். யாராவது எதையாவது தலைகீழாகச் செய்வதுபோலத் தோன்றினால், கையைத் தூக்கிச் சொல்வதற்கு முன், அவர்கள் நிற்கும் பக்கத்தில் போய் ஒருமுறை நின்று பார்க்கிறேன். உங்கள் டீச்சரம்மா இன்னும் நிறையத்தான் பேசுகிறாள் அத்தை. கொஞ்சம் தாமதித்துப் பேசுகிறாள், அவ்வளவுதான்.

நாடா ஒரு மூலையில் நைந்திருக்கிறது. சனிக்கிழமை சிராங்கூன் சாலைக்குப் போகிறேன். பாவாடை நாடாதான் வாங்குவேன்.