ஏழு நாள் சாப்பாடு

ஜூலை 6, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லவில்லை. இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன். மகள் கோகிலாவின் காலேஜ் ஹாஸ்டலில் இன்று மதியம் சமையல்கட்டுக்குப் பின்னால் நின்றபடி ரெண்டு தட்டு சோறு தின்றேன். ரெண்டாவது தட்டை நானே கேட்டு வாங்கினேன்.

எல்லாம் அவரால் வந்தது. முதல் வருஷப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் ராமநாதபுரத்துக்கு வந்து மெஸ் சாப்பாட்டை ருசி பார்த்துவிட்டு, எந்தச் சாப்பாடு என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். அஞ்சு நாள் சாப்பாடு என்றால் பிள்ளை வெள்ளி சாயங்காலம் கடலாடிக்கு வந்துவிடும். ஏழு நாள் என்றால் சனி, ஞாயிறும் அங்கேதான். ஒருமுறை சொன்னால் ஆறு மாசத்துக்கு மாற்ற முடியாது.

நான் அஞ்சு நாள் கட்சி. அவர் எந்தக் கட்சி என்று அவருக்கே தெரியாது. இலையைப் போட்டதும் கையைக் கட்டிக்கொண்டார். சம்பந்தம் பேசப் போன வீட்டில் பேச்சு முடியாமல் கை நனைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதை இந்த மனுஷன் ஹாஸ்டல் சாம்பாரிடமும் பார்க்கிறார்!

வார்டன் சண்முகவள்ளி மேடம், சார் விரதம் போல என்று வாழைப்பழம் கொண்டுவந்தார். பிறகு சுகர் போல என்று மோர் கொண்டுவந்தார்.

"பேச்சு முடியட்டும்மா. அப்புறம் கை நனைக்கிறோம்" என்றார் இவர்.

மேடம் என்னைப் பார்த்தார். இவர் யாரோ, நான் யாரோ என்பதுபோல் மின்விசிறியைப் பார்த்தேன். புருஷன் பட்டினி கிடக்கும்போது பெண்டாட்டி எப்படித் தின்பது? பாத்திரம் சுத்தமாகக் கழுவுகிறார்களா என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனேன். மிச்சம்தான் மேலே எழுதியது.

ஜூலை 7

உருளைக்கிழங்கு நன்றாகத்தான் இருந்தது. ஊரில் கேட்டவர்களிடம், வாயில் வைக்க முடியவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஜூலை 8

கோகிலா போன் செய்தாள். ஏழு நாள் வேண்டுமாம். அது உடம்புக்கு ஆகாது, முடி கொட்டிவிடும், பக்கத்து வீட்டு வெள்ளையம்மாளின் தம்பி மகன் தலையைப் பார்த்தாய் அல்லவா என்றேன். அவன் ஹாஸ்டல் பக்கமே போனதில்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"முடி கொட்டுனா கொட்டட்டும்மா. சனி ஞாயிறுதான் லேப்புல கம்ப்யூட்டர் சும்மா கெடக்கு. நம்ம வீட்டுல என்ன இருக்கு, மிக்சிதான் இருக்கு. சரி, நீ அஞ்சு நாளுங்கிறது எனக்காகவா, உனக்காகவா?"

சோறு பொங்குது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை.

உனக்காகவா என்றால்? பெற்றவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடையாதா? — சரி, விடு.

ஜூலை 10

மாட்டிக்கொண்டேன். என்ன முடிவு என்று கேட்க மேடம் இவருக்குப் போன் செய்திருக்கிறார். கேட்டதோடு விட்டிருக்கலாம். அம்மா நம்ம சாப்பாட்டை விரும்பி ரெண்டு தட்டு சாப்பிட்டாங்களே சார் என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டார்.

இவர் போனை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"கை நனைச்சிட்டியா?"

"லேசா."

"ரெண்டு தட்டாம்ல."

"சின்னத் தட்டு."

"அப்ப முடிஞ்சுபோச்சு. இனிமே பேச்சு மாறுனா நம்மள எவன் மதிப்பான்?"

மதிக்காமல் போகப்போவது எந்தச் சம்பந்தி என்று கேட்டேன். ஹாஸ்டலாம். அப்போதே கோகிலாவைக் கூப்பிட்டு, ஏழு நாளே இருக்கட்டும் தாயி என்றார். சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் இருமினார்.

ஜூலை 13, ஞாயிறு

கறி எடுக்கவில்லை. ரெண்டு பேருக்கு என்ன கறி? பிள்ளை வரலையா மதினி என்று வெள்ளையம்மாள் கேட்டாள். அவளுக்கு அங்கன பிரியாணி, எங்களுக்குத்தான் ரசம் என்றேன். அவள் சிரிப்பதற்கு முன் நானே சிரித்துவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

ரசம்.

ஜூலை 27, ஞாயிறு

மாசத்தின் கடைசி ஞாயிறு பெற்றவர்களும் ஹாஸ்டலில் சாப்பிடலாமாம். கோகிலாவிடம் மூச்சுவிடாமல், இவரைக் கடையில் சாப்பிடச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

அங்கே கோகிலா இல்லை. காலையிலேயே ஊருக்குப் போய்விட்டாளாம். எங்களிடம் சொல்லவில்லை. எனக்கு முன்னால் அவள் பங்குப் பிரியாணியை வைத்தார்கள். வீணாக்கக் கூடாது என்று தின்று முடித்தேன். அப்புறம்தான் வீட்டுக்குப் போன் போட்டேன். அங்கே அப்பாவும் மகளும் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு பழைய சோறு தின்றுகொண்டிருந்தார்கள்.

"லேப்புல கரண்ட் இல்லம்மா. அதான் வந்தேன்" என்றாள் கோகிலா.

என் தலைக்கு மேல் மின்விசிறி நன்றாகவே சுற்றிக்கொண்டிருந்தது. சரிதான் என்றேன்.

அதன்பிறகு ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் "இரு, வாரேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டோம்.

நான் கடலாடி பஸ் பிடித்தேன். சிக்கல் தாண்டியதும் எதிரே ராமநாதபுரம் பஸ் வந்தது. ஜன்னலோரம் கோகிலா. எழுந்து நின்று கையை ஆட்டினேன். அவள் செல்போனைப் பார்த்துக்கொண்டே போய்விட்டாள்.

நான் இறங்கத்தான் கேட்கிறேன் என்று நினைத்துக் கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நின்றது. இறங்கிவிட்டேன்.