ஐந்துக்குக் கீழே

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று இரண்டு வரி எழுது, போனில் எதைக் கேட்டாலும் உம் கொட்டுகிறாய்.

போன மாதம், ஃப்ரிட்ஜை எப்பவும் அஞ்சுக்குக் கீழே வைம்மா என்று சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கே உள்ளே இருக்கும் திருகைப் பார்த்தேன், ஐந்தில் இருந்தது. கீழே என்றால் ஒன்று இன்னும் நல்லதுதானே என்று ஒன்றுக்குத் திருப்பிவிட்டேன். அதிலிருந்து காய்ச்சி வைத்த பால் மறுநாளே திரிகிறது, மீந்த சோற்றில் ஒரு வாடை. நான் யார்மேல் பழி போட்டேன் தெரியுமா, பால்காரம்மாமேல். நீ தவழ்ந்த நாளிலிருந்து நமக்கு ஊற்றுகிறவள். அவளை வாசலில் நிற்க வைத்து, நேற்றைய பாலையா ஊற்றுகிறாய் என்று கேட்டுவிட்டேன். ஆயுசு முழுக்க அளவு நாடாவும் கையுமாகத் துணி தைத்தவள் நான், அளவு பார்க்காமல் பேசினேன். எதிர்வீட்டிலும் மாடிவீட்டிலும் அது காதில் விழுந்து, அவர்களும் அவளிடம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் அவள் வரவில்லை.

கடைப் பால் வாங்கினேன், அதுவும் திரிந்தது. அப்போதுதான் மண்டைக்குள் குடைச்சல் ஆரம்பித்தது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை உள்ளே வைத்தால், முப்பத்தைந்துக்குக் கீழே அதற்குக் கண்ணே தெரியாதாம், அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். மருந்துக்கடைத் தம்பி, ஊசிமருந்து வைக்கும் ஃப்ரிட்ஜில் இருந்த தெர்மாமீட்டரை இரண்டு நாள் இரவல் கொடுத்தான். ஒரு தம்ளர் தண்ணீரில் அதை நிறுத்தித் தட்டுத் தட்டாக வைத்துப் பார்த்தேன். நடுத்தட்டில் பதினொன்று, நான் பால் வைக்கும் கதவில் பதினான்கு. திருகில் இருப்பது டிகிரியே இல்லையாம், எண் ஏற ஏறக் குளிர் ஏறுமாம், நீங்க ஃப்ரிட்ஜைத் தூங்க வச்சிட்டீங்கம்மா என்றான் தம்பி. மறுபடி ஐந்தில் வைத்தேன், அடுத்த நாள் நடுத்தட்டில் நான்கு, கதவில் எட்டு. திறக்கும்போதெல்லாம் வெக்கை முதலில் கதவில்தானே படுகிறது, இனிமேல் பால் உள்தட்டில்தான். ஃப்ரீசரில் இருந்த மீன் இளகி, தண்ணீர் கசிந்து, திரும்ப உறைந்திருந்தது. வறுத்தால் சரியாகிவிடும் என்றார் அப்பா, நான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு குப்பையில் போட்டேன்.

பிறகு எதிர்வீட்டிலும் மாடிவீட்டிலும் போய், தப்பு என் ஃப்ரிட்ஜில் என்று சொன்னேன். கடைசியாகப் பால்காரம்மா வீட்டுக்குப் போனேன். பாலைச் சந்தேகப்பட்டது சரி, என்னைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே என்றாள். மறுநாள் காலை மூன்று வீட்டுக்கும் பால் வந்தது.

உன் ஃப்ரிட்ஜில் திருகை நம்பாதே, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து எத்தனை என்று எழுது. இனி எனக்கு எண் சொன்னால் கூடவே டிகிரி என்றும் சொல். நோய்நொடி இல்லாமல் நூறு வயசு நன்றாக இரு. பால்காரம்மாவுக்கும் தனியாக இரண்டு வரி எழுது, நான் படித்துக் காட்டுகிறேன். இத்தனை வருஷம் என்னை அக்கா என்று கூப்பிட்டவள், இப்போது மேடம் என்கிறாள். பால் வந்துவிட்டது, அக்கா இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
தினமும் காலையில் வாசலில் நிற்கும்
உன் அம்மா