என் கையைப் பிடிக்காதே, மரத்தைப் பிடி

அடியே,

மகளின் பள்ளிக்கூடக் கவுனில் ஒட்டியிருந்த பலாப்பாலை மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன். கையெல்லாம் அந்த வாடை. நீ போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடமாகிவிட்டது, ஆனாலும் இன்று உன்னிடம் பேசியே ஆகவேண்டும்.

புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் நின்ற பலாமரம் நினைவிருக்கிறதா? இரண்டு பேருக்கும் ஒரே வயசு. நீ முந்திக்கொண்டு பெரியவளாகி, சடங்கும் முடிந்திருந்தது. "வயசுக்கு வந்தவ ஏறினா மரம் காய்க்காது" என்று லயமே உன்னைத் தடுத்து வைத்திருந்தது. எனக்குத் தடை இல்லை, தைரியமும் இல்லை. அன்று என்ன பேய் பிடித்ததோ, உச்சிக் கவை வரை ஏறிவிட்டேன். கீழே பார்த்ததும் இறங்கத் தெரியாமல் கிளையைக் கட்டிக்கொண்டேன். நான் அழுத அழுகையில், கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பொம்பளைகள் எல்லாரும் கூடிவிட்டார்கள். ஆம்பளைகள் ஒருத்தரும் இல்லை. என் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

நீ தாவணியை இழுத்துச் செருகினாய். "ஏறாதடி!" என்று உன் அம்மா கத்தக் கத்த ஏறி வந்தாய். நான் உன் கையைப் பிடிக்கப் பாய்ந்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாயே, பாவி!

"என் கையப் புடிக்காத. மரத்தப் புடி. ஒரு கால நல்லா ஊனு, பொறகு மத்தத எடு."

"அவளத் தூக்கிட்டு வாடி" என்று கீழே ஒரே கூச்சல்.

"அவளே எறங்குவா, சும்மா இருங்க" என்று அதட்டினாய். உன்மேல் எனக்கு அப்படியொரு ஆத்திரம். ஆனால் இறங்கினேன்டி, நானாகவே இறங்கினேன். என்னைவிட உன் முகத்தில்தான் பெருமை. அதற்குப் பிறகு உன் அம்மாவிடம் வாங்கிய அடியிலும் அந்தச் சிரிப்புப் போகவில்லை.

அடுத்த பருவம் அந்த மரம் அடியிலிருந்தே காய்த்துத் தொங்கியது. உன்னைத் தடுத்த அதே பொம்பளைகள் கறிக்குப் பிஞ்சு கேட்டு வந்து நின்றார்கள். "நான் ஏறின மரம், நல்லாத்தான் காய்க்கும்" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாய்.

கண்டிக்கு வேலைக்கு வந்து, சிங்களத்தில் திக்கித் திணறிய நாட்களிலும் உன் பேச்சைத்தான் நினைத்துக்கொள்வேன். ஒரு காலை ஊன்று, பிறகு மற்றது. அப்படித்தான் இந்த ஊரில் நிலைத்தேன்.

இன்று எங்கள் வீட்டுப் பலாமரத்தில் என் மகள் ஏறி மாட்டிக்கொண்டாள். பக்கத்து வீட்டு அக்கா ஏணி தேடி ஓடினார். நானோ நீ சொன்னதையே சொல்லிக்கொண்டு கீழே நின்றேன். மெல்ல மெல்ல இறங்கினாள். கடைசிக் கிளைக்கு வந்ததும் பெற்ற மனசு கேட்கவில்லை, இரண்டு கையையும் நீட்டிவிட்டேன்.

"கைய எடுங்கம்மா. நான் மரத்தப் புடிச்சிருக்கேன்" என்றாள்.

நீ போன பிறகு பிறந்தவள்டி அவள். அந்த அதட்டல் மட்டும் அச்சு அசல் உன்னுடையது. நீட்டிய கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.