நட்சத்திரம் கட்டாத வருடம்

அக்கா,

இன்று காலை ஜன்னலைத் திறந்தபோது ஈர மண்ணும் முளைவிட்ட கேழ்வரகும் கலந்த அந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. டிசம்பர் பிறந்த மறுநாள் நானேதான் பழைய அலுமினியத் தட்டில் விதைத்தேன். கிறிஸ்துமஸ் குடிலில் ஆடுமாடுகளின் காலடியில் வைக்கப் புல் வேண்டும் அல்லவா? ஒரு விரற்கடை உயரத்துக்கு, இன்னும் நிறம் ஏறாமல் வெளிர்ந்து நின்றது. தண்ணீர் தெளிக்க எடுத்த சொம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். நீங்கள் இல்லாத முதல் டிசம்பர் இது.

ஆகஸ்டில் உங்களை அடக்கம் செய்த அன்று நான் அழவில்லை. வந்தவர்களுக்குக் காபி கொடுப்பதும் நாற்காலி போடுவதுமாக ஓடிக்கொண்டிருந்தேன். அன்று வராத அழுகை இன்று அந்தத் தட்டின் முன்னால் வந்தது. நான் வேலை பார்க்கும் ஸ்ரீரங்கத்து ஜவுளிக்கடையில் ஏகாதசிக் கூட்டம் தொடங்குகிற நேரம். அரை மணி தாமதமாகப் போனேன்.

நாங்கள் பொன்மலை ரயில்வே குடியிருப்பில் இருந்தபோது உங்கள் வீடு எங்கள் வரிசையில் நான்காவது. ஜங்ஷனில் டிக்கெட் கவுன்டரில் உங்களுக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் மாதா கோயிலை ஒட்டிய ஷெட்டில் பிள்ளைகளுக்கு வேதக் கதைகள் சொல்லி மறைக்கல்வி வகுப்பு நடத்துவீர்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று தெருவில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். நீங்கள் எதையும் மறுத்ததில்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்பதால் அக்கா என்றேன். மற்றபடி நம் பழக்கம் மாவு அரைக்கும் இடத்தில் பேசிக்கொள்கிற அளவுதான் இருந்தது, ஜோயல் போகும்வரை.

என் இளைய மகன் அவன், ஏழு மாதம். மூன்று நாள் காய்ச்சல். அக்டோபர் மழையில், இரண்டு கையால் ஏந்தக்கூடிய ஒரு பெட்டியில் அவனைக் கொண்டுபோனார்கள். அதன்பிறகு எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் பேசிக்கொள்ளவில்லை. என் கணவர் ஒர்க்‌ஷாப்பில் கூடுதல் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். நான் தொட்டில் கட்டிய கொக்கியைப் பார்த்தபடி படுத்திருந்தேன். மூத்தவள் ரீனாவுக்கு ஒன்பது வயது. தானே சடை பின்னிக்கொண்டு, தானே டிபன் எடுத்து வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போய்வந்தாள். அவள் தலையில் எண்ணெய் வைத்து எத்தனை நாளாயிற்று என்பதுகூட எனக்குத் தெரியாது.

நவம்பர் கடைசியில் என் நாத்தனார் வந்து சொல்லிவிட்டுப் போனார். "ஒரு வருஷத்துக்கு வீட்ல விசேஷம் கூடாது. ஸ்டார் கட்டாதீங்க. பலகாரம் பண்ணாதீங்க." எனக்கு அது கட்டளையாகத் தோன்றவில்லை, விடுதலையாகத்தான் இருந்தது. எல்லா வீட்டிலும் ஒரு குழந்தை பிறந்ததைக் கொண்டாடுகிற மாதத்தில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க எனக்கு ஒரு காரணம் கிடைத்தது.

அடுத்த ஞாயிறு மாலை நீங்கள் ஒரு மஞ்சள் பையோடு வந்தீர்கள். உட்காரச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. நீங்களாகவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள்.

"ரீனா வகுப்புல எல்லார்கிட்டயும், மெரூன் கலர் ஃபிராக் தைக்கக் கொடுத்திருக்குன்னு சொல்லியிருக்கு ஸ்டெல்லா. எந்த டெய்லர், கையில என்ன லேஸ், எல்லாம் சொல்லுது."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

"துணி எடுத்துக் கொடுன்னு சொல்ல வரல. ஸ்டார் வேண்டாம், கேக் வேண்டாம், எதுவும் வேண்டாம். இதெல்லாம் இல்லாமலும் அந்தப் பிள்ளை பிறந்திருக்குங்கறது அவளுக்குத் தெரியணும். அது மட்டும் போதும். குடிலுக்குப் புல் வளர்க்கற வேலைய அவகிட்ட கொடுக்கலாம்னு இருக்கேன். நீ சரின்னு சொன்னா."

பிள்ளை பிறந்திருக்கு என்ற வார்த்தை எனக்குள் எதையோ கிழித்தது. எழுந்து உட்கார்ந்து அதைச் சொன்னேன். "நீங்க ஒரு பிள்ளை பெத்திருந்தா இப்படி வந்து கேப்பீங்களாக்கா? உங்களுக்கு என்ன தெரியும்?"

ரீனா கதவருகே நின்றிருந்தாள். நீங்கள் எழுந்தீர்கள். பிறகு கேழ்வரகு இருந்த அந்தப் பையை அவளிடம் கொடுத்து, "ரெண்டு வேளையும் தண்ணி தெளிக்கணும் பாப்பா. நிறைய ஊத்தினா அழுகிடும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனீர்கள். நான் மறுபடி படுத்துக்கொண்டேன். என் மனதில் வெற்றிபோல ஏதோ இருந்தது. இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறு எதுவுமே நடக்காததுபோல வந்து, ரீனாவின் தட்டை எட்டிப் பார்த்து, "பரவாயில்லையே, எல்லாம் முளைச்சிருக்கு" என்றீர்கள். என்னிடம், "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

உங்கள் வகுப்பில் அந்த மாதம் என்ன நடந்தது என்பதை ரீனா சொல்லித்தான் அறிந்தேன். ஷெட்டின் மூலையில் ஒரு வெற்றுத் தொட்டில் வைத்திருந்தீர்கள், மரச்சட்டத்தில் செய்தது. யாருக்காவது ஒரு நல்லது செய்தால் ஒரு வைக்கோல் எடுத்து அதில் போடலாம். திருநாளுக்குள் இயேசு பாலன் படுக்கிற அளவுக்கு அது மெத்தென்று ஆகவேண்டும். இளைஞர்கள் கிறிஸ்துமஸ் தாத்தாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து மிட்டாய் வீசுவார்கள் என்று பிள்ளைகள் துள்ளியபோது நீங்கள் தடுக்கவில்லையாம். "அவரு வரட்டும், வாங்கிச் சாப்பிடுங்க. நமக்கு வேற வேலை இருக்கு" என்றீர்களாம்.

மூன்றாவது வாரம் ரீனா ஒரு வைக்கோலை எடுத்துக்கொண்டு, "அம்மா அழும்போது நான் சத்தம் போடாம இருந்தேன் டீச்சர்" என்றிருக்கிறாள். போடச் சொல்லிவிட்டு நீங்கள் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னது: "அது நல்லதுதான். அடுத்த தடவை சும்மா போய் அம்மா பக்கத்துல உக்காந்துக்கோ."

அன்று சாயங்காலம் அவள் வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். எதற்கு என்று கேட்டேன். சொன்னாள். பிறகு, வகுப்பில் உங்களிடம் கேட்ட கேள்வியையும் சொன்னாள். இயேசு பாலனைத் தேடி ஏரோது ராஜா ஊர்க் குழந்தைகளையெல்லாம் கொல்ல ஆள் அனுப்பிய கதையை நீங்கள் சொன்னபோது கேட்டாளாம். "இயேசு பாலனை மட்டும் எகிப்துக்குக் கொண்டுபோகச் சொல்லி வானத்துலேருந்து சம்மனசு வந்துச்சுல்ல டீச்சர். மத்த பிள்ளைங்க வீட்டுக்கு ஏன் வரல? எங்க தம்பிக்கு ஏன் வரல?"

"டீச்சர் என்ன சொன்னாங்க?" என்றேன். ஏதாவது அழகான பதில் சொல்லியிருப்பீர்கள், அதைக் கேட்டு உங்களை வெறுக்கலாம் என்றுதான் கேட்டேன்.

"தெரியலன்னு சொன்னாங்கம்மா. அவங்களும் யோசிச்சிருக்காங்களாம், தெரியலையாம். ஆனா எகிப்துக்குத் தப்பிச்சுப் போன அந்தப் பிள்ளையும் அப்புறம் செத்துதான் போனாராம், அவங்க அம்மா பாத்துக்கிட்டே இருக்கறப்ப. அதனால மாதாவுக்கு உங்களைத் தெரியுமாம்மா."

ஜோயல் போனபிறகு தம்பி என்ற சொல் அன்றுதான் எங்கள் வீட்டில் ஒலித்தது. அவளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள். அத்தனை நாள் அவளை அழவிடாமல் வைத்திருந்தது நான்தான் என்று அப்போது புரிந்தது. வேலை முடிந்து வந்த அவள் அப்பா வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். பிறகு வந்து எங்களோடு உட்கார்ந்துகொண்டார்.

திருநாளன்று நாங்கள் கோயிலுக்குப் போகவில்லை. என்னால் முடியவில்லை. ரீனாவை நீங்கள் அழைத்துப்போனீர்கள். அவள் பள்ளிச் சீருடையில் போனாள். மெரூன் ஃபிராக் எங்கே என்று கேட்ட பிள்ளையிடம், "அது பொய். எங்க வீட்ல தம்பி இறந்துட்டான்" என்று சொன்னாளாம். அதைச் சொல்லும்போது அவள் கையை நீங்கள் பிடித்துக்கொண்டிருந்தீர்கள்.

மூன்று நாள் கழித்து விடியும் நேரத்தில் எங்கள் கதவைத் தட்டினீர்கள். "இன்னைக்கு மாசில்லாக் குழந்தைங்க திருநாள் ஸ்டெல்லா. ஏரோது கொன்ன பிள்ளைங்களுக்கு. பத்துப் பேருக்கு மேல வரமாட்டாங்க. யாரும் புதுத்துணி போடமாட்டாங்க. கிறிஸ்துமஸ்ல இந்த நாளும் இருக்கு. வா."

கட்டியிருந்த சேலையோடு வந்தேன். கோயிலில் கிழவர்கள் நாலைந்து பேர், இரண்டு கன்னியாஸ்திரிகள், நாம். பூசை முடிந்ததும் ரீனா என்னைக் குடிலுக்கு இழுத்துப்போனாள். அவள் வளர்த்த புல் அதற்குள் பழுத்துச் சாய்ந்திருந்தது. அதற்காக அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோலப் பேசினாள். நான் புல்லைப் பார்த்தேன், மாட்டைப் பார்த்தேன், மாதா பக்கத்தில் நின்ற சூசையப்பரைப் பார்த்தேன். கடைசியில்தான் வைக்கோல்மேல் கிடந்த குழந்தையைப் பார்த்தேன். மூக்கு நுனியில் சாயம் உதிர்ந்திருந்தது. கைகளை விரித்துக்கொண்டு, தூக்கச் சொல்வதுபோல. ஜோயல் அப்படித்தான் கிடப்பான். ஆறுதல் கிடைத்தது என்று பொய் சொல்லமாட்டேன் அக்கா. ஆனால் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

திரும்பி வரும் வழியில் நீங்கள் சொன்னீர்கள். "அன்னைக்கு நீ சொன்னது சரிதான். எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் வந்தேன்."

அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நீங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. அதற்குப்பின் பதினோரு வருடம் நாம் அவ்வளவு நெருக்கம். என்னையும் மறைக்கல்வி நடத்தப் பழக்கினீர்கள். நாங்கள் திருவானைக்காவலுக்கு வீடு மாறி வந்தபோது, இந்தப் பக்கத்துக் கோயிலில் பதினாலு பிள்ளைகளை என்னிடம் ஒப்படைக்கச் சொல்லி நீங்களே ஃபாதரிடம் பேசினீர்கள். எத்தனையோ தடவை மன்னிப்பு என்ற அந்த வார்த்தை என் நாக்கு வரை வந்து திரும்பிப் போயிருக்கிறது.

ஜூலையில் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் முடிந்து நீங்கள் படுத்திருந்தபோது சொல்லிவிடுவது என்றே வந்தேன். நீங்கள் அரைத் தூக்கத்தில் இருந்தீர்கள். "ரீனாவுக்குப் பரீட்சை எப்போ?" என்று கேட்டீர்கள். நான் சொல்வதற்குள் பக்கத்துக் கட்டிலுக்கு ஆட்கள் வந்தார்கள். அடுத்த வாரம் சொல்லலாம் என்று உங்கள் காலைப் போர்த்திவிட்டு வந்தேன். அடுத்த வாரம் நீங்கள் யாரையும் அடையாளம் காணவில்லை.

இப்போது என் வகுப்பில் அனிதா என்று ஒரு பெண். பத்து வயது. ஜூனில் தாயைப் பறிகொடுத்துவிட்டு, துறையூரிலிருந்து அப்பாவோடு இங்கே வந்திருக்கிறாள். டிசம்பர் தொடங்கியதும் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். போன ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு பேசினார். "தப்பா நெனைக்காதீங்க டீச்சர். இந்த வருஷம் எங்களுக்கு எதுவும் வேண்டாம்." நான் இன்னும் ஏதோ சொல்லப்போனேன். "உங்க வீட்டுக்காரர் இருக்காருல்ல? அப்ப உங்களுக்குப் புரியாதுங்க. போயிட்டு வாங்க" என்று கதவைச் சாத்திவிட்டார். எனக்கு மனம் சுருங்கிவிட்டது. இனி அந்தப் பக்கம் போவதில்லை என்று முடிவு செய்தேன். வாரம் முழுக்க அதே முடிவோடுதான் இருந்தேன்.

இன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் ரீனா போன் செய்தாள். நர்ஸிங் மூன்றாம் வருடம். குழந்தைகள் வார்டில் போட்டிருக்கிறார்கள். காலையில் நான் அழுததைச் சொன்னேன். அனிதா வீட்டில் நடந்ததையும் சொல்லிவிட்டேன். அவள் கேட்டாள்.

"அம்மா, நீங்க டீச்சரை அப்படிச் சொன்ன அன்னைக்கு நான் அவங்க பின்னாலேயே போனேன், ஞாபகம் இருக்கா?"

எனக்கு நினைவில்லை.

"தட்டுல மண்ணு எவ்வளவு போடணும்னு கேக்கப் போனேன். தெருக்குழாய்கிட்ட நின்னு அழுதுக்கிட்டிருந்தாங்க. சத்தமில்லாம. என்னைப் பாத்ததும் மூஞ்சியக் கழுவிக்கிட்டு, மண்ணு பாதித்தட்டு போதும்னு சொன்னாங்க. அம்மாகிட்ட சொல்லாதேன்னும் சொன்னாங்க. அவங்க இருக்கற வரைக்கும் சொல்லக்கூடாதுன்னு இருந்தேன்."

போனை வைத்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் உங்களை எங்கே அடித்தேன் என்று இப்போதுதான் தெரிகிறது. அந்த ஞாயிற்றுக்கும் அடுத்த ஞாயிற்றுக்கும் நடுவில் இருந்த ஆறு நாட்களை நான் ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை. நீங்கள் வேலைக்குப் போயிருப்பீர்கள். கவுன்டரில் உட்கார்ந்து, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் டிக்கெட் கொடுத்திருப்பீர்கள். போவதா வேண்டாமா என்று யோசித்திருப்பீர்கள். அப்புறமும் வந்து, சாப்பிட்டாயா என்று கேட்டீர்கள். என்னை மன்னித்துவிடுங்கள் அக்கா. கட்டிலருகே உட்கார்ந்து ஒரே வரியில் சொல்லியிருக்க வேண்டியது.

நாளை ஞாயிறு. வகுப்பு முடிந்ததும் அனிதா வீட்டுக்குப் போகிறேன். அவள் அப்பா மறுபடியும் கதவைச் சாத்தலாம். அப்படியானால் அதற்கடுத்த ஞாயிறும் போவேன்.

ஸ்டெல்லா