பிரிக்காத பொட்டலம்

என் பாசத்துக்கும், இப்போதைக்கு என் கோபத்துக்கும் உரிய அண்ணனுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. அந்தக் கேள்விக்கு நீ ஒரு நாளும் உண்மை சொன்னதில்லை. நெஞ்சைத் தடவிக்கொண்டே "நல்லாத்தான இருக்கேன்" என்பாய். இஞ்சி தட்டிப் போட்டுக் குடிப்பாய், வாயு மாத்திரையை விழுங்குவாய், ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாய்.

ஜீப்பைப் பற்றித்தான் எழுத வந்தேன். உன் இன்ஜினை இறக்கியாயிற்று. வத்தலக்குண்டில் அழகர் அண்ணன் பட்டறையில், சாக்கின் மேல் துண்டு துண்டாகக் கிடக்கிறது. எட்டு மாதமாக நம் கவுஞ்சியில் தார்ப்பாய்க்குள் கிடந்த வண்டியை லாரியில் ஏற்றித்தான் மலையிலிருந்து இறக்கினேன். உன்னை இரண்டாம் முறை தூக்கிக்கொண்டு போவதுபோல அம்மா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அது அவன் கை பட்ட சாமான்டி. அதப் பிரிக்காத. அப்படியே கெடக்கட்டும்."

அம்மாவை விடு, பெற்ற மனசு. ஊருக்கு என்ன வந்தது? உன் முப்பதாம் நாள் அன்று யாரோ போய் பானெட்டில் மாலை போட்டுச் சூடம் காட்டியிருக்கிறார்கள். "சுந்தரம் ஞாபகமா அந்த இஞ்சின் இருக்கட்டும் தாயி" என்று ஆளாளுக்கு வந்து எனக்குப் புத்தி சொன்னார்கள். உன்னைக் கொன்ற இன்ஜினுக்குச் சூடம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் மாலையைப் பிய்த்து பூண்டுப் பாத்தியில் எறிந்தேன். மதினி மட்டும் பூவைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

தை மாதத்து அந்தக் காலை உனக்கு நினைவிருக்கிறதா? புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. மதினியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாய். நம் வீட்டுக்கு வரும் மண் பாதையில் ஆம்புலன்ஸ் ஏறாது. கொடைக்கானலிலிருந்து கிளம்பிவிட்டோம், நீங்களும் எதிரே வாருங்கள், வழியில் மாற்றிக்கொள்ளலாம் என்று போனில் சொன்னார்கள். நான் சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் முனகியது. மறுபடி திருப்பினேன். மறுபடியும். கேரட் காட்டில் நின்றவர்கள் ஓடி வந்து சரிவில் தள்ளிவிட்ட பிறகுதான் அது உயிர் பிடித்தது. அதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது, அண்ணே. அரை மணி நேரம்!

ஊரைத் தாண்டிய ஏற்றத்தில் வண்டி நத்தையாக ஊர்ந்தது. நான் ஆக்ஸிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தேன். பின்னால் கறுப்புப் புகை. அப்போது நீ என்ன சொன்னாய் தெரியுமா?

"மிதிக்காத யோகா. பொகை கக்குது பாரு. இஞ்சின் பாவம்."

இன்ஜின் பாவமாம்! நான் உன் வாயிலிருந்து கேட்ட கடைசிச் சொல் அது. பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பின் சீட்டிலிருந்து கையை நீட்டி உன் தலையைத் தாங்கிக்கொண்டு வந்த மதினியைப் பற்றி இல்லை. நீ சொன்னதும் நான் என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். இப்போது எழுதினால் இந்தக் கடிதம் இதோடு நின்றுவிடும்.

எதிரே வந்த ஆம்புலன்ஸ் நம்மைச் சந்தித்தபோது நீ இல்லை. "கொஞ்சம் முந்தி வந்திருந்தா?" என்று அதில் வந்த தம்பியிடம் கேட்டேன். என் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். அதற்கு என்ன அர்த்தம், அண்ணே?

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், அந்த இன்ஜின் இனி இந்த வண்டியில் இருக்கக்கூடாது என்று. வண்டியை விற்கவும் முடியாது. ஐப்பசி மழை இறங்கிவிட்டால் நம் பக்கத்துக் காடுகளுக்கு வேறு எதுவும் ஏறாது என்று உனக்குத் தெரியும். மூட்டையானாலும் சரி, முடியாத ஆளானாலும் சரி, நம் ஜீப்தான். கன்னிவாடியில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற இடத்தில், முகம் நசுங்கிய ஒரு பிக்கப் நின்றது. இன்ஜினுக்குச் சேதமில்லை. புது மாடல், டர்போ. சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் உறுமியது. பார்த்ததும் எனக்கு ஒரு குரூரமான சந்தோஷம். உன்னுடையதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு இதை உட்கார வைக்கிறேன் பார் என்று உன்னிடம் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அழகர் அண்ணன் நான் காட்டிய போட்டோவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இந்த வண்டிக்கு என்ன சோலி?"

"காட்டுலருந்து மூட்டை ஏத்தணும். சேத்துல ஏறணும். யாருக்கும் முடியலன்னா வெரசா தூக்கிட்டு ஓடணும்."

"வெரசான்னா? அந்த ரோட்டுல முப்பதுக்கு மேல மிதிப்பியா?"

நான் அந்தப் போட்டோவை இன்னொரு முறை அவர் முன்னால் நீட்டினேன்.

"அந்த இஞ்சின் நல்லா இழுக்கும், இல்லங்கல. இந்தக் கியர் பாக்சும் அச்சும் அந்த இழுவையத் தாங்கணும்ல? ஒரு சென்சார் போச்சுன்னா நடுக்காட்டுல நின்னுக்கிரும். கவுஞ்சியில யாரு கம்ப்யூட்டரக் கொண்டாந்து மாட்டிப் பாப்பாக? ஆர்சி புக்குல மாத்துறது வேற தனி அலைச்சல்."

"அண்ணே, அந்தப் பழைய இஞ்சின் எங்க அண்ணனக் கொன்னுருச்சுண்ணே" என்று கத்திவிட்டேன். பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது.

அவர் கோபப்படவில்லை. கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டு, "இங்க வா" என்றார். இன்ஜின் பிளாக்கின் உள்சுவரில் என் விரலை வைக்கச் சொன்னார். "நகத்த மேல இழு. தட்டுதா?" தட்டியது. பிஸ்டன் உரசி உரசி அந்த இடம் தேய்ந்து படி விழுந்திருந்தது. பழைய ஆயிலை முகர்ந்து பார்க்கச் சொன்னார். டீசல் வாசம்.

"இது ஓடித் தேஞ்ச இஞ்சின் இல்லம்மா. குளுந்தே கெடந்து தேஞ்சது. சூடு ஏறவே இல்ல. அதான் பனியில பிடிக்கவும் இல்ல, ஏத்தத்துல இழுக்கவும் இல்ல. வால்வு எங்க?"

எந்த வால்வு என்று உனக்குத் தெரியும். தெர்மோஸ்டாட். இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கிற, ஒரு உள்ளங்கை அளவுச் சாமான். காட் ரோட்டில் தண்ணீர் கொதித்தால், மலையில் பாதி டிரைவர்கள் முதலில் அதைத்தான் கழற்றி எறிவார்கள். கீழே வெயிலில் ஓடுகிற வண்டியாவது கொஞ்ச நாள் தாங்கும். கவுஞ்சிக் குளிரில் அது இல்லாவிட்டால் இன்ஜின் நாள் முழுக்கச் சில்லிட்டுத்தான் ஓடும். இதை இதே அழகர் அண்ணன் சொல்லித்தான், போன வருஷப் பொங்கலுக்கு உனக்கு வேட்டி எடுக்காமல் அந்த வால்வை வாங்கி வந்தேன். மறுநாளே "மாட்டிட்டேன் யோகா, இப்ப சும்மா பூனைக்குட்டி மாதிரி ஓடுது" என்றாய்.

உன் டூல்ஸ் பெட்டியைக் கவிழ்த்தோம். அடியில், பழைய பனியனில் சுற்றி, அது இருந்தது. கடைக்காரர் அடித்த ஸ்டேப்ளர் பின் அப்படியே. பொட்டலத்தின் மேல் "உடனே மாட்டு" என்று நான் பேனாவால் எழுதியது அப்படியே.

பூனைக்குட்டி! எவ்வளவு கூசாமல் சொன்னாய்!

மதினிக்குப் போன் போட்டேன். அவளுக்கு இது தெரியுமா என்று கேட்டேன்.

"பிள்ளத்தாச்சிப் புள்ளைய ஏத்திட்டுப் போறப்ப ஒரு தடவ தண்ணி கொதிச்சு வண்டி நின்னுச்சுல்ல யோகா. அந்தப் புள்ள அழுத அழுகை காதுலயே நிக்குதுன்னாரு. அன்னிக்குக் கழட்டுனதுதான். திரும்ப மாட்டுனா திரும்பக் கொதிக்கும்னு பயம். ஒன்கிட்ட சொன்னா நீ சண்டைக்கு வருவன்னும் பயம்."

சண்டைக்கு வந்திருப்பேன்தான். வந்திருந்தால் நீ இருந்திருப்பாயே, அண்ணே?

ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிக் காட்டினார் அழகர் அண்ணன். பாதிக் குழாயில் ஒரு சொட்டு இறங்கவில்லை. சேறும் துருவும். "அடைச்சுக் கெடந்தது இது. ஒங்கண்ணன் கழட்டுனது அந்த வால்வ" என்றார். நான் உன் இஞ்சிச் சாற்றை நினைத்துக்கொண்டேன். வாயு மாத்திரையை நினைத்துக்கொண்டேன். இன்ஜினுக்குப் பார்த்த அதே வைத்தியத்தைத்தானே உன் நெஞ்சுக்கும் பார்த்தாய்? கொடைக்கானலுக்கு வா, ஒரு ஈசிஜி எடுத்துவிடலாம் என்று மதினி எத்தனை தடவை கெஞ்சினாள்? அதையும் எங்கேயோ பனியனில் சுற்றி வைத்துவிட்டாயா?

பொட்டலத்தை நான்தான் பிரித்தேன். பக்கத்து டீக்கடையில் ஒரு சட்டி கொதிக்கிற தண்ணீர் வாங்கி, அழகர் அண்ணன் வால்வைக் கம்பியில் கட்டி அதில் இறக்கினார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அதன் நடுவில் இருந்த தட்டு மெல்ல, மெல்ல விலகித் திறந்தது. வெளியே எடுத்து ஆறவிட்டதும் தானாக மூடிக்கொண்டது.

"நல்ல சாமான்" என்றார் அவர். ஒரு குறையும் இல்லாத சாமான். இத்தனை நாள் உன் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்திருக்கிறது. நான் அங்கேயே ஒரு டயர் மேல் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அழட்டும் என்று விட்டுவிட்டு அவர் போல்ட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அதனால், கேட்டுக்கொள். கன்னிவாடிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் இன்ஜின்தான் திரும்ப ஏறப்போகிறது. புது லைனர், புது பிஸ்டன், குளிரில் உடனே பற்றிக்கொள்ள நாலு ஹீட்டர் பிளக், புது ரேடியேட்டர். நீ ஒயரை அறுத்துப் போட்ட சூட்டு மீட்டரின் முள்ளும் ஆடப்போகிறது. உன் ஞாபகத்துக்காக என்று மேலே இருந்துகொண்டு நெஞ்சை நிமிர்த்தாதே. அந்தச் சோலிக்கு அதுதான் சரியான இன்ஜின், அவ்வளவுதான். தூக்கி எறியும் சந்தோஷம்கூட எனக்குக் கிடைக்கவில்லை என்பதில் இன்னும் கொஞ்சம் கோபம்.

அம்மாவிடம் சொன்னேன். சிரித்தாள், இந்த எட்டு மாதத்தில் முதல் தடவையாக. "வண்டி வாரன்னிக்கி பூ போடலாமாடி?" என்றாள். "பூ வேணாம்மா. காலையில ஸ்டார்ட் பண்றப்ப பக்கத்துல வந்து நில்லு, அது போதும்" என்றேன்.

இனி, கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது.

நீ "மிதிக்காத" என்றதும் நான் காலைத் தளர்த்திவிட்டேன். சின்ன வயசிலிருந்து நீ சொன்னதைக் கேட்டுப் பழகிய கால். புகை குறைந்தது. வண்டி இன்னும் மெதுவாகப் போயிற்று. நீ சரி என்பதுபோலத் தலையை ஆட்டினாய். மதினி அதைப் பார்த்தாளா என்று தெரியாது. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, அழகர் அண்ணனைத் தவிர. "நான் மிதிச்சிருந்தா போயிருக்குமாண்ணே?" என்று அவரிடம் கேட்டேன். "அது இருந்த இருப்புக்கு நீ மிதிச்சாலும் அம்புட்டுத்தாம்மா போயிருக்கும்" என்றார். அவர் உண்மையைச் சொன்னாரா, இல்லை உன்னைப்போல என் மனசு நோகக்கூடாது என்று சொன்னாரா?

நாளை வெள்ளனே கீழே போகிறேன். அந்த வால்வை என் கையால்தான் மாட்டுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கு ஒரு வாக்கும் தருகிறேன். இனி அந்த முன் சீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு யார் உட்கார்ந்தாலும், புகை கக்கட்டும், இன்ஜின் வெடிக்கட்டும், அவர் எனக்கு எவ்வளவு பெரியவராக இருக்கட்டும், நான் காலைத் தளர்த்த மாட்டேன்.

உன் பேச்சைக் கேட்ட, இனி கேட்காத தங்கச்சி,
யோகா