அத்தையின் போஸ்டரில் இல்லாத பெயர்

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தபந்தமெல்லாம் கிளம்பிவிட்டது. வீடு வெறிச்சென்று கிடக்கிறது. வாயாட ஆளில்லாமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

கல்யாணமான புதிதில், விருதுநகரில் என் வக்கீல் போர்டைப் பார்த்துவிட்டு என்னைப் பிடித்த பிடி ஞாபகம் இருக்கிறதா? "ஏத்தா, எம்மகன் இனிசியலப் போட்டா ஒனக்கு என்ன கொறஞ்சா போயிரும்? இன்னும் ஒங்கய்யா இனிசியலையே வச்சிருக்க?" கோர்ட்டில் எல்லாருக்கும் அந்தப் பேரில்தான் என்னைத் தெரியும் என்று எவ்வளவோ சொன்னேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். எனக்கும் கோபம்தான்.

அப்புறம் ஒருநாள், நீங்கள் மறந்துவிட்டுப்போன சாப்பாட்டுத் தூக்கை நீங்கள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனிக்குக் கொண்டு வந்தேன். பேச்சியம்மாள் என்று உங்கள் பேரைச் சொல்லி விசாரித்தால் கேட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. "நம்ம ஆனைக்குட்டத்தாவத்தான் கேக்காக" என்று ஒரு அக்கா சொன்ன பிறகுதான் உங்களைக் கூப்பிட்டார்கள். திருத்தங்கலுக்கு வாக்கப்பட்டு வந்து அத்தனை காலமாகியும், பிறந்த ஊரான ஆனைக்குட்டம்தான் உங்களுக்குப் பேராக இருந்திருக்கிறது! அன்று சாயங்காலம் அதைச் சொல்லிக் கேலி செய்தேன். நீங்களும் சிரித்துவிட்டீர்கள். "சரி, ஒம்போர்டு அங்கனயே கெடக்கட்டும்" என்றீர்கள். அதற்குப் பிறகு யார் என்ன கேட்டாலும் எனக்காகச் சண்டைக்குப் போனது நீங்கள்தான்.

இப்போது மனசு கேட்காத விஷயம் ஒன்று. நீங்கள் போன அன்று கொழுந்தனார் அவசரமாக அஞ்சலி போஸ்டர் அடித்தார். மாமாவின் இனிஷியலோடு "ரா. பேச்சியம்மாள்" என்று போட்டு, உங்கள் இளவயசு போட்டோவையும் வைத்துவிட்டார். கம்பெனி பஸ் அந்தப் போஸ்டரைத் தாண்டித்தான் போயிருக்கிறது. யாரோ என்று நினைத்து உங்கள் சேக்காளிகள் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் சேதி தெரிந்து ஓடி வந்தார்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. "கூடவே உக்காந்து திரி வச்சோமே தாயி, கடைசியா அவ மொகத்தப் பாக்க விடலையே" என்று, அன்று கேட்டில் உங்களை அடையாளம் சொன்ன அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுகை.

வருஷத் திதிக்குப் போஸ்டர் நான்தான் அடிப்பேன் என்று சொல்லிவிட்டேன். ஆனைக்குட்டத்தா என்றுதான் போடுவேன். "ஊர் சிரிக்கும் மதினி" என்கிறார் கொழுந்தனார். சிரித்தால் சிரிக்கட்டும். உங்கள் கம்பெனி கேட்டுக்கு எதிரிலேயே ஒட்டுகிறேன். அன்றைக்கு அவர்கள் எல்லாரும் லீவு போட்டுவிட்டு வரட்டும், நம் வீட்டில் உட்கார்ந்து ஆசை தீர அழுதுவிட்டுப் போகட்டும்.

உங்கள் மூத்த மருமகள்,
கலை